ஏழு கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ்?

கேள்வி:

வணக்கம் ஐயா. நானும் தம்பியும் கணக்கு எழுதித் தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்துகிறோம். அங்கே ஐந்து கம்ப்யூட்டர்கள், வீட்டில் இரண்டு லேப்டாப். அலுவலகத்தில் ஏதோ ஒரு இலவச ஆன்டிவைரஸ் இருக்கிறது, வீட்டில் தனியாக எதுவும் போடவில்லை. வாடிக்கையாளர்கள் பென்டிரைவிலும் மெயிலிலும் ஃபைல் தருவார்கள். போன மாதம் ஒரு பென்டிரைவைச் செருகியதும் அதிலிருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. எங்களுக்கு சர்வீஸ் செய்பவர் ஏழுக்கும் 'டோட்டல் செக்யூரிட்டி' வாங்கச் சொல்கிறார். விண்டோஸோடு வருவதே போதும் என்கிறான் தம்பி. இலவசம் ஒன்று, காசு கொடுத்தது ஒன்று என இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லதா? ஒரு கம்ப்யூட்டர் பழையது, விண்டோஸ் 11 ஏறவில்லை. இன்னொன்றில் டிசைன் சாஃப்ட்வேர் ஒன்றின் கிராக் இருக்கிறது. அதைப் போட்டபோது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னார்கள், பிறகு ஆன் செய்துவிட்டோம். எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம் சகோதரி. எதை வாங்கலாம் என்பதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது பென்டிரைவ் விஷயம்கூட இல்லை, கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கிராக், அதாவது உரிமப் பூட்டை உடைத்துக் காசில்லாமல் ஓட்டும் பதிப்பு. முதலில் அதைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அது சரியாகாமல் நீங்கள் எந்த ஆன்டிவைரஸ் வாங்கினாலும் திறந்த கதவுக்குப் பூட்டு மாட்டிய மாதிரிதான்.

கிராக் போடும்போது ஆன்டிவைரஸை நிறுத்து என்று ஏன் சொல்கிறார்கள்? 'அது சும்மா கத்தும், கண்டுகொள்ளாதே' என்பார்கள். சில சமயம் உண்மையிலேயே சும்மா கத்தியிருக்கலாம். ஆனால் அது சும்மாவா நிஜமா என்று பார்க்கும் ஒரே காவல்காரரையும் வெளியே அனுப்பிவிட்டு அல்லவா அந்த ஃபைலை ஓட்டியிருக்கிறீர்கள்? அதுவும் அட்மின் அனுமதி, அதாவது கம்ப்யூட்டரில் எதையும் மாற்றும் அதிகாரம் கொடுத்து. அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு கெட்ட புரோகிராம் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்துவிடும். அதில் முக்கியமான ஒன்று, விலக்குப் பட்டியலில் தன் ஃபோல்டரைச் சேர்த்துக்கொள்வது. விலக்குப் பட்டியல் என்றால் 'இந்த இடத்தை ஸ்கேன் செய்யாதே' என்று ஆன்டிவைரஸுக்கு நாம் கொடுக்கும் பட்டியல், எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று இருக்கும். அதில் ஒரு ஃபோல்டர் ஏறிவிட்டால், பிறகு ஆன்டிவைரஸை ஆன் செய்தாலும் பச்சை டிக் காட்டிக்கொண்டு, தினமும் அப்டேட் ஆகிக்கொண்டு, அந்த ஃபோல்டரை மட்டும் தொடாமல் அது பாட்டுக்கு ஓடும். கிராக் போட்டுக் கொடுத்தவரே 'அடிக்கடி தொந்தரவு செய்யும்' என்று முழு சி டிரைவையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போன கம்ப்யூட்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் இன்றைக்கே அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷனுக்குள் மேனேஜ் செட்டிங்ஸ் போய், கீழே இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று வரும் (வேறு ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டிருந்தால் இது தெரியாமலும் போகலாம்). அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்களோ தம்பியோ சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. உங்கள் இலவச ஆன்டிவைரஸின் செட்டிங்ஸிலும் இதே போல எக்ஸெப்ஷன்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதையும் பாருங்கள். அறிமுகமில்லாத பெயர் ஒன்று இருந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். வேலை ஃபைல்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கிராக் திரும்ப ஏறக் கூடாது. அந்த டிசைன் வேலைக்கு இலவசமாகவே கிடைக்கும் நல்ல சாஃப்ட்வேர் இருக்கிறது. படம் திருத்த ஜிம்ப், வரைய இங்க்ஸ்கேப். பழக ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்தக் காலத்து வைரஸ்களில் பல முன்பு போலத் திரையில் படம் காட்டுவதோ கம்ப்யூட்டரை முடக்குவதோ இல்லை. இன்ஃபோஸ்டீலர் என்று ஒரு வகை. அது வந்ததே தெரியாது. பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளையும், அதோடு குக்கீகளையும் அள்ளி அனுப்பிவிட்டு சில சமயம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். குக்கீ போனால் என்ன என்று கேட்கலாம். நீங்கள் ஒரு கணக்கில் ஏற்கனவே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான சீட்டு அது. அதை வேறு ஒருவர் தன் பிரவுசரில் வைத்துக்கொண்டால் பல இடங்களில் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. கணக்கு எழுதும் அலுவலகம் என்றால் உங்கள் பிரவுசரில் உங்கள் பாஸ்வேர்ட் மட்டுமா இருக்கும்? வாடிக்கையாளர்கள் நம்பிக் கொடுத்தவையும் இருக்கும். விலக்குப் பட்டியலில் சந்தேகமாக ஏதாவது இருந்தால் உடனே வேறு ஒரு நல்ல கம்ப்யூட்டரிலிருந்து, முதலில் மெயில் பாஸ்வேர்டையும் அப்புறம் மற்றவற்றையும் மாற்றுங்கள். மாற்றும்போது 'எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதி இருக்கும், அதையும் அழுத்துங்கள். அப்போதுதான் திருடிய குக்கீ செல்லாமல் போகும்.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

தம்பி சொல்வது வீட்டுக்கு முழுக்கச் சரி, அலுவலகத்துக்குப் பாதி சரி.

விண்டோஸ் 10, 11-இல் கூடவே வருகிற மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் சோதனைகளில் பின்தங்கித்தான் இருந்தது, அந்தப் பெயர் இன்னும் அதை விட்டுப் போகவில்லை. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், இங்கிலாந்தில் எஸ்இ லேப்ஸ் என்று ஆன்டிவைரஸ்களைச் சோதிப்பதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்ற மூன்றுக்கும் ஆளுக்கு 6 வீதம் 18 மதிப்பெண் போடுகிறது. டிஃபென்டர் அதில் பல வருடங்களாக மேல் வரிசையிலேயே இருந்து வருகிறது. காசு கொடுத்து வாங்கும் நல்ல ஆன்டிவைரஸுக்கும் அதற்கும் இருக்கும் வித்தியாசம் வீட்டு உபயோகத்தில் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

டிஃபென்டருக்கு ஒரு பலவீனம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆன்டிவைரஸ் ஒரு ஃபைலை மூன்று விதமாகப் பார்க்கும். ஏற்கனவே தெரிந்த வைரஸா என்று தன் பட்டியலோடு ஒப்பிடும், ஓடும்போது அது என்ன செய்கிறது என்று கவனிக்கும், சந்தேகம் வந்தால் இணையம் வழியாகத் தன் தலைமையிடத்துச் சர்வரைக் கேட்கும். டிஃபென்டர் இந்த மூன்றாவதை ரொம்பவே நம்பியிருக்கிறது. இணைய இணைப்பு இல்லாமல் சோதிக்கும்போது அதன் கண்டுபிடிக்கும் திறன் மற்ற சிலவற்றைவிடக் குறைவாக வருகிறது. உங்கள் லேப்டாப்புகள் எந்நேரமும் இணையத்தில்தான் இருக்கும் என்பதால் வீட்டுக்கு இது பெரிய குறை இல்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பென்டிரைவ் போடுகிற பழக்கம் இருந்தால் மட்டும் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டு லேப்டாப் இரண்டிலும் டிஃபென்டரை அப்படியே வைத்துக்கொண்டு, அதே விண்டோஸ் செக்யூரிட்டி திரையில் டேம்பர் ப்ரொடெக்‌ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு புரோகிராம் வந்து டிஃபென்டரை நிறுத்த முடியாமல் தடுப்பது அதுதான். இணையம் வழியாகச் சர்வரைக் கேட்கிற கிளவுட் பாதுகாப்பும் ஆனில் இருக்க வேண்டும், காரணம் மேலேயே சொன்னேன். பிள்ளைகள் பயன்படுத்தும் லேப்டாப் இருந்தால் அதில் அவர்களுக்கு அட்மின் இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்று தனியாகப் போட்டுக் கொடுங்கள். விளையாட்டுக்கு ஏதோ ஒன்றை இறக்கி நிறுவப் போனால் பெரும்பாலும் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும், உங்களிடம் வந்து கேட்பார்கள். எந்த ஆன்டிவைரஸ் வாங்குவதைவிடவும் இது அதிகம் காப்பாற்றும், என் அனுபவத்தில்.

இரண்டு ஆன்டிவைரஸ் சேர்த்துப் போடுவது கூடவே கூடாது. ஒவ்வொரு ஃபைலும் திறக்கப்படும்போது குறுக்கே நின்று பார்ப்பதற்காக ஆன்டிவைரஸ் விண்டோஸின் அடிமட்டம் வரை இறங்கி உட்கார்ந்திருக்கும். இரண்டு பேர் அதே வாசலில் நின்றால் ஒருவர் தொடும் ஃபைலை இன்னொருவர் சந்தேகப்பட்டு, கம்ப்யூட்டர் தவழ ஆரம்பிக்கும். அந்த ஆழத்தில் ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் எவ்வளவு பெரிதாகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட்டால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின, விமானங்கள் ரத்தாயின. அதனால்தான் வேறு ஆன்டிவைரஸ் ஏறியதும் டிஃபென்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது. எப்போதாவது இன்னொருவரின் அபிப்பிராயம் வேண்டும் என்றால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு போல, கேட்டால் மட்டும் ஸ்கேன் செய்கிற ஒன்றை ஓட்டிப் பார்க்கலாம், அது எந்நேரமும் காவல் இருப்பதில்லை, அதனால் மோதலும் இல்லை.

இனி அலுவலகம். முதல் விஷயம், நீங்கள் போட்டிருக்கும் இலவச ஆன்டிவைரஸின் உரிம நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான இலவசப் பதிப்புகள் வீட்டில் சொந்தமாகப் பயன்படுத்த மட்டும்தான், தொழிலுக்கு இல்லை. பலருக்கு இது தெரியாது. இலவசம் என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் தன்னைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றது 2020-இல் வெளியே வந்து, அந்தத் துணை நிறுவனத்தை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இதற்காக 1.65 கோடி டாலர் கட்டவைத்தது. நம்மைக் கண்காணிப்பவர்களைத் தடுப்போம் என்று சொல்லி விற்ற சாஃப்ட்வேர் அது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மற்றவர்களின் கணக்குகளைக் கையில் வைத்திருக்கும் அலுவலகத்தில் இலவச ஆன்டிவைரஸ் வேண்டாம், டிஃபென்டரோ காசு கொடுத்து வாங்கும் தொழில் பதிப்போ, இரண்டில் ஒன்று.

டிஃபென்டரே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஏன் காசு கொடுக்கச் சொல்கிறேன் என்றால், அது வைரஸை இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பதற்காக இல்லை. ஐந்து கம்ப்யூட்டர்களில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றில் எச்சரிக்கை வருகிறது. அதில் வேலை செய்பவர் அவசரத்தில் இருக்கிறார், மூடிவிடுகிறார். மறுநாளும் வருகிறது, மூடிவிடுகிறார். இது உங்களுக்கு எப்போது தெரியும்? போன மாதம் ஷார்ட்கட் வைரஸ் வந்ததே, அன்றைக்கு அந்த ஆன்டிவைரஸ் ஏதாவது சொல்லியதா, யாராவது பார்த்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள், பதில் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். தொழில் பதிப்புகளில் கன்சோல் என்று ஒன்று வரும். எல்லாக் கம்ப்யூட்டர்களின் நிலையையும் ஒரே திரையில், உங்கள் பிரவுசரிலிருந்தே பார்க்கலாம். எதில் அப்டேட் நின்றுபோயிருக்கிறது, எதில் பாதுகாப்பை யாரோ ஆஃப் செய்திருக்கிறார்கள், எதில் என்ன பிடிபட்டது, எல்லாம் தெரியும், மெயிலும் வரும். நீங்கள் காசு கொடுப்பது இதற்குத்தான். அந்த மெயிலைத் தினமும் பார்க்க உங்களில் ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் வாங்கியும் பயனில்லை. யார் பார்ப்பது என்பதை நீங்களும் தம்பியும் முதலில் முடிவு செய்யுங்கள், பிராண்டை அப்புறம் பார்க்கலாம்.

பிராண்ட் என்று கேட்டால், இசெட், பிட்டிஃபென்டர், சோஃபோஸ் மூன்றிலும் சிறிய அலுவலகத்துக்கான கன்சோல் பதிப்பு இருக்கிறது. மைக்ரோசாஃப்டிலேயே டிஃபென்டர் ஃபார் பிசினஸ் என்று 300 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கான ஒன்று உண்டு. நீங்கள் ஏற்கனவே மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் சந்தா கட்டிக்கொண்டிருந்தால் அது அதற்குள்ளேயே வந்துவிடும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இதில் எதை எடுத்தாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன். எல்லாமே ஒரு மாதம் சோதித்துப் பார்க்கத் தருவார்கள். வாங்கும் முன் உங்கள் கணக்கு சாஃப்ட்வேர் இருக்கும் கம்ப்யூட்டரில், அதுவும் இருப்பதிலேயே மெதுவானதில் போட்டு ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள். டேட்டா சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறதா என்று அங்கேதான் தெரியும், சோதனை நிறுவனத்தின் மதிப்பெண்ணில் தெரியாது.

உங்கள் சர்வீஸ்காரர் சொல்லும் 'டோட்டல் செக்யூரிட்டி' என்பது பெரும்பாலும் வீட்டு உபயோகத்துக்கான பெரிய தொகுப்பு. அதில் விபிஎன் இருக்கும், குப்பை ஃபைல் துடைக்கும் கருவி இருக்கும், பாஸ்வேர்ட் மேனேஜர், பிள்ளைகளைக் கண்காணிக்கும் வசதி, இன்னும் என்னென்னவோ இருக்கும், அலுவலகத்துக்கான கன்சோல் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அவரிடம் கோபப்பட வேண்டாம், அவருக்குக் கிடைக்கிற சரக்கு அதுவாக இருக்கலாம். ஆனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஐந்து கம்ப்யூட்டரையும் ஒரே இடத்தில் பார்க்க முடியுமா? பாஸ்வேர்ட் இல்லாமல் யாராவது இதை நீக்கவோ நிறுத்தவோ முடியுமா? இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு? மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம், ஏனென்றால் முதல் வருடத் தள்ளுபடி விலையை மட்டும் பெரிதாகக் காட்டிவிட்டு, அடுத்த வருடம் கார்டிலிருந்து தானாகவே முழு விலையும் எடுக்கிற பழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. வாங்கிய அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு, காலண்டரில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறுத்த முடியுமா என்ற இரண்டாவது கேள்வியை ஏன் சேர்த்தேன் என்பதற்கு ஒரு அனுபவம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு காலை நேரத்தில் என்னை அவசரமாக அழைத்தார்கள், நான்கு கம்ப்யூட்டர்கள் உள்ள அலுவலகம். எல்லா ஃபைல்களின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, எதுவும் திறக்கவில்லை, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு கடிதம். ரான்சம்வேர். அவர்கள் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய, அப்டேட் ஆகியிருந்த நல்ல ஆன்டிவைரஸ்தான் இருந்தது. அது ஏன் தடுக்கவில்லை என்று தேடினால், அது அந்தக் கம்ப்யூட்டரிலேயே இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்து, ரவுட்டரில் வெளியே திறந்துவிட்டிருக்கிறார்கள். பாஸ்வேர்ட் அலுவலகத்தின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். இரவில் யாரோ அந்தப் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து, ஊழியர் நுழைவது போலவே சாவகாசமாக நுழைந்து, கன்ட்ரோல் பேனலுக்குப் போய் ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு, அப்புறம் தன் வேலையைத் தொடங்கியிருக்கிறார். நீக்குவதற்கு அது ஒரு பாஸ்வேர்ட் கேட்டிருந்தால்கூட நேரம் கிடைத்திருக்கும். அவர்கள் பேக்கப்பும் எடுத்துத்தான் வந்தார்கள், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில், தினமும். ஆனால் அது எந்நேரமும் கம்ப்யூட்டரில் செருகியே இருந்தது. அதிலிருந்த ஃபைல்களும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டன. அந்த அலுவலகத்தை நடத்தியவர் அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு இன்றும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று வருடக் கணக்குகளை அவர்கள் காகிதத்திலிருந்து திரும்ப அடித்தார்கள்.

எனவே உங்கள் பட்ஜெட்டில் ஒரு பகுதியை ஆன்டிவைரஸுக்கு வைத்துவிட்டு மீதியைக் கட்டாயம் இரண்டு ஹார்ட் டிஸ்குகளுக்கு வையுங்கள். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றொன்று. பேக்கப் எடுத்து முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், ஒன்று எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். கிளவுடிலும் ஒரு நகல் இருந்தால் இன்னும் நல்லது, அதில் பழைய பதிப்புகளை மீட்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பூட்டப்பட்ட ஃபைலே கிளவுடுக்கும் போய் நல்லதை மூடிவிடும். மாதம் ஒரு முறையாவது பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்கள். எடுக்கிறோம் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, தேவைப்படும் அன்று வெறும் ஃபோல்டரைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். டிஃபென்டரில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, அறிமுகமில்லாத புரோகிராம் உங்கள் முக்கிய ஃபோல்டர்களில் எழுதாமல் தடுக்கும். அது ஆஃபில்தான் வரும், நாம்தான் ஆன் செய்ய வேண்டும். செய்தால் முதல் சில நாள் உங்கள் கணக்கு சாஃப்ட்வேரையே தடுக்கலாம், அதை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பென்டிரைவ் விஷயம். ஷார்ட்கட் வைரஸ் பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் ஃபைல்கள் அழிவதில்லை. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். நீங்கள் அழுத்தினால் முதலில் வைரஸ் ஓடும், அப்புறம் உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. உங்களுக்கு நடந்ததை நன்றாக யோசித்துப் பாருங்கள். பென்டிரைவ் ஏற்கனவே அப்படி வந்ததா, அல்லது உங்கள் கம்ப்யூட்டரில் செருகிய பிறகு மாறியதா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவது போலத்தான் தெரிகிறது. அப்படியானால் வைரஸ் இருப்பது உங்கள் கம்ப்யூட்டரில், அங்கே செருகப்படும் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பென்டிரைவுக்கும் அது போய்க்கொண்டிருக்கிறது. பென்டிரைவை ஃபார்மட் செய்து பயனில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்கள், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் கடைசியில் இருக்கும். ஆனால் முதலில் இலவச ஆன்டிவைரஸை நீக்கி ரீஸ்டார்ட் செய்துவிட்டால் டிஃபென்டர் தானாக விழித்துக்கொள்ளும், அதற்குப் பிறகு போடுங்கள். விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்பே ஸ்கேன் நடக்கும் என்பதால் ஒளிந்திருப்பவை பிடிபடும், ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். அப்புறம் ஒரு ஏற்பாடு. வாடிக்கையாளர்களின் பென்டிரைவ்களுக்கு என்று ஒரே ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்குங்கள். அதில் பிரவுசர் பாஸ்வேர்ட் எதுவும் இருக்கக் கூடாது, அட்மின் இல்லாத கணக்கில்தான் ஓட வேண்டும்.

எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி தெரியும்படி வைத்துவிடுங்கள், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று இருக்கும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகத்தையே ஆட்டிய ஐ லவ் யூ வைரஸ், டெக்ஸ்ட் ஃபைல் போல முன்னால் டிஎக்ஸ்டி என்றும், கண்ணுக்குத் தெரியாத பின்பகுதியில் விபிஎஸ் (ஓடக்கூடிய புரோகிராம்) என்றும் பெயர் வைத்துக்கொண்டுதான் வந்தது. கால் நூற்றாண்டு ஆகியும் அதே உத்தி இன்றும் வேலை செய்கிறது, பில் பிடிஎஃப் என்று மெயிலில் வருவதன் கடைசியில் இஎக்ஸ்இ இருக்கும், அதுவும் புரோகிராம்தான். சந்தேகமான ஃபைலை வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் ஏற்றிப் பார்க்கலாம், எழுபதுக்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சொல்லும். ஆனால் வாடிக்கையாளரின் கணக்கு விவரம் உள்ள ஃபைலை அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றியது மற்ற பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும்.

அலுவலகத்தில் எல்லோரிடமும் இன்னொன்றையும் சொல்லுங்கள். சமீபகாலமாக ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்தால் 'நீங்கள் மனிதர்தானா என்று உறுதி செய்யுங்கள்' என்று கேட்டுவிட்டு, விண்டோஸ் கீயையும் ஆரையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோலும் வியும், பிறகு என்டர் என்று படிப்படியாகச் சொல்கிறது. உண்மையான எந்தச் சோதனையும் இப்படிக் கேட்காது. நம் கையாலேயே கெட்ட கட்டளையை ஒட்டி ஓட்டவைக்கும் ஏமாற்று இது. நாமே ஓட்டுவதால் ஆன்டிவைரஸ் சில சமயம் விட்டுவிடுகிறது.

பழைய கம்ப்யூட்டர். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிஃபென்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் அதற்கு 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு, ஆன்டிவைரஸ்தான் அப்டேட் ஆகிறதே, போதும் என்று இருந்துவிடாதீர்கள். வாட்ச்மேன் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார், சுவரில் விழும் ஓட்டையை அடைக்கத்தான் ஆள் வருவதில்லை. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது நடந்தது இதுதான். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே, ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது. போடாதவர்களிடம், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அதுவாகத் தாவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகளைத் தள்ளிவைக்க வேண்டி வந்தது. உங்கள் ஐந்தும் ஒரே நெட்வொர்க்கில்தானே இருக்கின்றன? பழைய ஒன்று மற்ற நான்குக்கும் வழியாகிவிடும். விண்டோஸ் 11 ஏறாததற்குச் சில சமயம் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸில்) ஆஃபில் இருப்பது மட்டும்தான் காரணமாக இருக்கும், அதை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பிராசஸரே பழையது என்றால், மைக்ரோசாஃப்ட் தருகிற நீட்டிப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யுங்கள், அல்லது விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டு டைப்பிங்குக்கும் பிரவுசருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முடியாவிட்டால் நெட்வொர்க்கிலிருந்து அதைக் கழற்றிவிடுங்கள்.

அலுவலகத்துக்கு வாங்கிய பிறகு, அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்க ஐகார் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட சாதாரண வரி, எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஐகார் அமைப்பின் தளத்திலேயே கிடைக்கும். யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் ஒரு கம்ப்யூட்டரில் அதை இறக்குங்கள். உங்களுக்கு மெயில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது, தம்பி அதைப் பார்த்து உங்களிடம் வந்து சொல்கிறாரா என்று பாருங்கள்.

அது எல்லாம் அடுத்த வாரம். இன்றைக்கு அந்தக் கிராக் போட்ட கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, விலக்குப் பட்டியலில் என்ன இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.